வாடைக்காற்று மாதங்களில் பந்தயப் புறாக் கூண்டு: அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

மண்டபம் பக்கம் எங்கள் வீட்டுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஊரில் வடகடல், தென்கடல் என்போம். ஐப்பசி பிறந்தால் தென்கடல் அடங்கும், வடகடல் பொங்கும். அந்த வாடைக்காற்றில்தான் என் புறாக் கூண்டு வெட்டவெளியில் நிற்கிறது. பத்தடி நீளம், எட்டடி அகலம், உள்ளே 26 ஹோமர்கள், அதாவது எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீடு திரும்பும் பந்தயப் புறாக்கள். தை, மாசியில் பந்தயம் என்பதால், மழைக்காலத்தை எப்படிக் கடத்துகிறோம் என்பதிலேயே அந்த வருடப் பறவையின் நிலை பாதி முடிவாகிவிடும்.

குளிரை நினைத்துப் பயப்பட வேண்டாம். மார்கழி இரவிலும் நம் கரையில் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். புறாவின் உடல் சூடு 41 டிகிரிக்கு மேல். ஐரோப்பாவில் பனி உறையும் இடங்களிலும் இதே ஹோமர்களைத் திறந்த கூண்டில் வைத்திருக்கிறார்கள். இறகு காய்ந்திருந்தால் குளிரை அது தாங்கிக்கொள்ளும். நம் பக்கம் பறவையைப் படுக்க வைப்பது ஈரம், கூடவே உப்பு. கீழே சொல்லும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டில்தான் போய் முடியும். அதனால் தேடும் வரிசையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் கூண்டு, அப்புறம் தண்ணீர், அப்புறம் தீனி. மருந்துப் பெட்டி கடைசியில்.

காலையில் கதவைத் திறந்ததும் நெடி ஏறுகிறது

நின்றபடி மோந்து பார்த்தால் தெரியாது. உள்ளே போய்க் குந்தி உட்கார்ந்து, கீழ்ப் பலகை உயரத்தில் முகத்தை வைத்து இரண்டு நிமிடம் இருங்கள். கண் கரித்தால் அது அமோனியா. இரவு முழுக்க புறா அதைத்தான் இழுத்திருக்கிறது. தரையில் எச்சம் ஈரத்தோடு ஊறுகிறது என்று அர்த்தம்.

தரையில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். கடற்கரை மணல் என்றால் அதுதான் காரணம். கையில் அள்ளிப் பிடித்தால் காய்ந்த மாதிரி இருக்கும். ஆனால் அதிலிருக்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழையே பெய்யாத நாளிலும் விடியற்காலை அந்த மணல் பிசுபிசுக்கும். நான் இரண்டு வருடம் பக்கத்துக் கரையிலிருந்து சாக்கில் அள்ளி வந்து கொட்டிக்கொண்டிருந்தேன். ஆற்றுமணலுக்கு மாற்றிய அந்த வாரமே நெடி குறைந்தது. மரத்தூள் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும், அதுவும் வேண்டாம்.

இதைவிட நல்லது தரையே இல்லாத தரை. பனஞ்சட்டங்களை விரல் நுழையும் இடைவெளி விட்டு அடித்து, கூண்டைத் தரையிலிருந்து இரண்டடி தூக்கி வைத்தால் எச்சம் கீழே விழும், அடியில் காற்றும் ஓடும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் தரையோடு கட்டிய கூண்டு குளமாகிவிடும்.

ஈரத்தை உறிஞ்சட்டும் என்று சிலர் சுண்ணாம்பு தூவுகிறார்கள். நீற்றிய சுண்ணாம்பை, அதுவும் காய்ந்த தரையில், மெல்லியதாகத் தூவலாம். நீற்றாத சுண்ணாம்புக் கல்லைப் பொடித்துப் போட்டால் ஈரம் பட்டதும் கொதித்துப் பறவையின் பாதத்தைப் புண்ணாக்கிவிடும்.

மழை இல்லை, ஆனால் கூரையிலிருந்து சொட்டுகிறது

தகரக் கூரையில் இது வரும். புறாக்கள் இரவெல்லாம் விடும் மூச்சின் ஈரம் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீர்முத்தாகக் கோத்து, விடியலில் முதுகில் சொட்டும். தகரத்துக்கு அடியில் தென்னங்கிடுகு ஒரு வரிசை கட்டினால் நிற்கும். பனை ஓலையும் சரிதான். ஆனால் ஓலையில் கறையானும் எலியும் குடியேறும். வருடத்துக்கு ஒருமுறை, புரட்டாசியில், பிரித்துப் புதிதாகக் கட்டிவிடுங்கள். கூரை விளிம்பை வடக்கிலும் கிழக்கிலும் இரண்டடியாவது வெளியே நீட்டுங்கள். நம் பக்கம் மழை நேராக விழாது, சாய்ந்துதான் அடிக்கும்.

மூச்சில் கரகரப்பு, ஒரு கண்ணில் மட்டும் நீர், மூக்கின் வெள்ளை மங்குகிறது

நல்ல புறாவுக்கு அலகின் மேலிருக்கும் சதை சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக இருக்கும். அது சாம்பல் நிறமாக மாறினால் மூச்சுப்பாதையில் ஏதோ இருக்கிறது. இருட்டிய பிறகு விளக்கைப் போடாமல் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று காது கொடுங்கள். பகலில் கேட்காத சத்தம் அப்போது கேட்கும்: வெற்றிலைப் பெட்டி மூடியைத் திறந்து மூடுவது போன்ற 'டக்', அல்லது தொண்டையில் நீர் உருளும் கரகரப்பு.

2020 டிசம்பர் முதல் வாரம், புரெவி புயல் வலுவிழந்து ராமநாதபுரம் கரையை ஒட்டி மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்றதே, அந்த நாட்களில்தான் நான் இதைக் கற்றுக்கொண்டேன். மழை விடவில்லை. புறாக்கள் நனையக் கூடாது என்று நான்கு பக்கமும் தார்ப்பாயை இழுத்துக் கட்டினேன். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது, மனசுக்கு நிம்மதியாக இருந்தது. நாலாம் நாள் நீலப்பட்டைப் பெட்டை ஒன்று வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. அதன் இடது கண்ணைச் சுற்றி இறகு நனைந்து ஒட்டியிருந்தது. தோளில் கண்ணைத் தேய்த்துத் தேய்த்து அந்தத் தோள் இறகும் ஈரமாகியிருந்தது. பத்து நாளுக்குள் ஆறு பறவைகளை இழந்தேன்.

அந்த நேரத்தில் வள்ளத்தைக் கரையேற்றிவிட்டுச் சும்மா இருந்த பக்கத்து வீட்டு மாமா வந்து பார்த்தார்.

"என்ன மாப்ள, நாலு பக்கமும் மூடி வச்சிருக்க? உள்ள இருக்கிறது மூச்சு விட வேணாமா?"

"மழை அடிக்குதே மாமா."

"அடிக்கிறது வாடை. வடக்கையும் கிழக்கையும் மறை. தெக்க எதுக்கு மூடுற? அதத் தொறந்து விடு."

தெற்குத் தார்ப்பாயை அன்றே அவிழ்த்தேன். இன்றுவரை என் கூண்டு அந்த அமைப்பில்தான் இருக்கிறது. வடக்குப் பக்கம் முழுப் பலகை. கிழக்கில் கீழ்ப்பாதி பலகை, மேல்பாதி வெளிச்சம் விடும் ஃபைபர் ஷீட். தெற்கு முழுக்கக் கம்பிவலை. மார்கழியில் சூரியன் தென்கிழக்கில் உதிப்பதால் காலை வெயில் தெற்கு வலை வழியாக உள்தரை வரை விழும். வெதுவெதுப்பான ஈரக்காற்று மேலேதான் தேங்கும். அது வெளியேற மேற்குச் சுவரின் உச்சியில், கூரைக்குக் கீழே, ஒரு சாண் திறப்பு விட்டிருக்கிறேன். புயல் காற்று எந்தத் திசையிலிருந்தும் திரும்பும் என்பதால் தெற்கில் ஒரு தார்ப்பாய் சுருட்டிக் கட்டியே இருக்கும். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கும் நாளில் மட்டும், அதையும் முக்கால் வரை இறக்குவேன்.

காற்று சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு ஊதுபத்தி போதும். பலகை உயரத்தில் பிடித்தால் புகை மெதுவாக எழுந்து மேல் திறப்பை நோக்கிப் போக வேண்டும். அங்கேயே சுழன்றால் காற்றோட்டம் இல்லை. பக்கவாட்டில் வேகமாக அடித்துக்கொண்டு போனால் பறவை தூங்கும் இடத்தில் நேர்க்காற்று படுகிறது.

கூண்டைச் சரிசெய்த மூன்று நாளில் கரகரப்பு குறையாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போங்கள். கண்ணில் நீர் வடியும் புறாவைத் தனியாக வைத்து, அதன் தண்ணீர் டப்பாவையும் தனியாக வையுங்கள். மனிதருக்கு வாங்கிய ஆன்டிபயாட்டிக் மிச்சத்தைத் தண்ணீரில் கலக்கும் பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. அளவும் தெரியாது, முழு நாளும் கொடுத்து முடிப்பதும் இல்லை. நோய் அரைகுறையாக அடங்கி, பந்தயத்துக்குக் கூடையில் ஏற்றும்போது திரும்பி வரும்.

எச்சம் தண்ணீராகப் போகிறது

நல்ல எச்சம் சுண்டைக்காய் அளவில் உருண்டு, மேலே வெள்ளைத் தொப்பியோடு, ஒரு குட்டி இறகு ஒட்டிக்கொண்டு கிடக்கும். அது மாறினால் என்ன மாறியது என்று உட்கார்ந்து பாருங்கள். எல்லாம் கழிச்சல் கிடையாது.

உருண்டை உருண்டையாகவே இருந்து சுற்றிலும் தெளிந்த நீர் தேங்கியிருந்தால், அது சிறுநீர். பறவை அதிகமாகக் குடிக்கிறது. நம் கரையில் இதற்கு முதல் காரணம் உப்பு. கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். மழை தொடங்கும் முன்பு, ஊற்று வற்றிய நேரத்தில் கரிப்பு ஏறியிருக்கும். நமக்குக் குடிக்க வாங்கும் குடத்துத் தண்ணீரையே புறாவுக்கும் வைப்பது நல்லது. இன்னொரு காரணம் கண்ணுக்குப் பட்டும் தெரியாது. வாடைக்காற்று கொண்டுவரும் உப்பு கம்பியிலும் பலகை விளிம்பிலும் வெள்ளையாகப் படியும். கிரிட் (தீனியோடு கொத்தக் கொடுக்கும் சிப்பி ஓடு, செங்கல் தூள் கலவை) கிடைக்காத புறா அதைக் கொத்திக்கொண்டே இருக்கும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் வலையைக் கழுவிவிடுங்கள். சிப்பி ஓட்டைப் பொறுக்கி வந்து இடித்துப் போடுபவர்கள், மூன்று நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, வெயிலில் காயவைத்த பிறகு இடியுங்கள். அதோடு செங்கல் தூளும் கரித்தூளும் கலக்கலாம். கரிக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமா என்ன, சீமைக்கருவேலக் கரியே போதும்.

தண்ணீர் மாற்றி இரண்டு நாளில் சரியாகவில்லை, பல புறாக்களுக்கும் அப்படியே இருக்கிறது என்றால் அலட்சியம் வேண்டாம். அடுத்த தலைப்பைப் படியுங்கள்.

உருண்டையே இல்லாமல், பச்சையாகக் கொழகொழவென்று, நாற்றத்தோடு இருந்தால் அது குடல். பறவை பட்டினி கிடந்தாலும் பச்சை வரும். ஆகவே முதலில் தீனிப்பையைத் தடவிப் பாருங்கள். தின்ற பறவைக்கும் பச்சை என்றால் காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி, புழு, சால்மொனெல்லா என்ற பாக்டீரியா மூன்றில் ஒன்றாக இருக்கலாம். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. காலை எச்சத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துக் கால்நடை மருத்துவமனையில் கொடுத்தால் நுண்ணோக்கியில் காக்சிடியாவும் புழு முட்டையும் தெரிந்துவிடும்.

காக்சிடியாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தினமும் சுரண்டுவது எதற்கு என்பது அதில்தான் புரியும். எச்சத்தோடு வெளியே வரும்போது அதன் முட்டை தொற்றாது. ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்து ஓரிரு நாள் கிடந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு முதிரும். நம் மழைக்காலம் அதற்கு அடைகாக்கும் பெட்டி மாதிரி. தினமும் காலையில் சுரண்டி எடுத்துவிட்டால் முதிர நேரம் கிடைக்காது. மூன்று நாளுக்கு ஒருமுறை சுரண்டுபவர் மருந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கழிச்சலோடு இறக்கை மூட்டு வீங்கி, ஒரு பக்கம் தொங்கினால் சால்மொனெல்லாவின் மேல் சந்தேகம் வையுங்கள். இதை எலியும் கொண்டுவரும். மருத்துவர் எத்தனை நாள் சொல்கிறாரோ அத்தனை நாளும் மருந்து கொடுங்கள்.

கழுத்து திருகுகிறது, தானியத்தைக் குறி தவறிக் கொத்துகிறது

எவ்வளவு பழகியவரையும் இது கலங்கவைக்கும். தலை தலைகீழாகத் திரும்பி, பறவை பின்பக்கமாக விழும். கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் கொண்டுவரும் ராணிக்கேட் வைரஸின் புறா வகை இது. முதலில் வருவது மேலே சொன்ன நீர்த்த எச்சமும் அதிகத் தாகமும்தான். கழுத்துக் கோளாறு சில நாள் கழித்தே தெரியும். அதனால்தான் நீர் எச்சத்தை லேசாக விடாதீர்கள் என்றேன்.

இதற்கு மருந்து இல்லை. ஆனால் பறவையைக் கொல்லவும் வேண்டியதில்லை. பசியால்தான் பல பறவைகள் சாகின்றன, ஏனென்றால் தட்டிலிருக்கும் தானியத்தை அதனால் கொத்த முடியாது. நாலு விரல் ஆழமுள்ள கிண்ணத்தில் தானியத்தை நிறைய நிரப்பி வையுங்கள். குறி தவறினாலும் எங்கே கொத்தினாலும் தானியம் அகப்படும். முடியாவிட்டால் ஊறவைத்த பட்டாணியை ஒவ்வொன்றாக வாய்க்குள் வைத்துத் தள்ளுங்கள். என்னிடம் ஒன்று இப்படி ஐந்து வாரம் கையால் ஊட்டித்தான் பிழைத்தது. காலையில் முப்பது பட்டாணி, சாயங்காலம் முப்பது. நாலாவது வாரத்தில் ஒரு நாள் தானாகவே ஒரு கம்பு மணியைச் சரியாகக் கொத்தியது. அதைப் பார்த்ததும் வீட்டிலிருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

நோய் வந்த பறவையை உடனே பிரித்து வையுங்கள். அதன் கூண்டை வாடை வரும் பக்கம் வைக்காதீர்கள், தூசி மற்றவற்றின் மேல் வரும். தடுப்பூசி மழைக்கு முன்னால், புரட்டாசியிலேயே போட்டுவிட வேண்டும். சொட்டு மருந்தைவிட, கழுத்துப் பின்தோலுக்கு அடியில் போடும் செயலிழந்த வைரஸ் ஊசி புறாவுக்கு நீடித்த பாதுகாப்புத் தரும். மருத்துவரைக் கொண்டே போட்டுக்கொள்ளுங்கள். கொண்டுவரும் வழியில் ஐஸ் பெட்டி அவசியம்.

சால்மொனெல்லாவிலும் கழுத்து திருகலாம். கூட்டத்தில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும், மூட்டு வீக்கத்தோடு இருந்தால் அதையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அலகோரம், கண்ணோரம், காலில் மரு

அம்மை. கொசு கடித்துப் பரவுவது. கார்த்திகை மழை விட்டு, தேங்கிய நீரில் கொசு பெருகும் நேரத்தில் வரும். மருவைப் பிய்க்காதீர்கள். அயோடின் தடவி விட்டுவிட்டால் மூன்று நாலு வாரத்தில் தானே காய்ந்து உதிரும். சாயங்காலம் தெற்கு வலையின் மேல் கொசுவலைத் துணியை இறக்கிவிடுங்கள், காற்றைத் தடுக்காது. கூண்டுக்குள் நொச்சி, வேம்பு புகை போடுவது எனக்குப் பிடிக்காத வழக்கம். கொசு போகும், கூடவே பறவையின் நுரையீரலும் கெடும். புகை போட்டே ஆக வேண்டும் என்றால் கூண்டுக்கு வெளியே, காற்று போகும் பக்கம்.

வாய்க்குள் மஞ்சளாகப் பாலாடைக்கட்டி போலப் படிந்தால் அம்மையாகவும் இருக்கலாம், தொண்டைப்புண்ணாகவும் இருக்கலாம். தோலிலும் மரு இருந்தால் பெரும்பாலும் அம்மை. தோல் சுத்தமாக இருந்து வாயில் மட்டும் என்றால் பெரும்பாலும் டிரைகோமோனாஸ் என்ற நுண்ணுயிர் உண்டாக்கும் தொண்டைப்புண். இதற்கு மருந்து உண்டு, மருத்துவர் அளவு சொல்வார். இது தண்ணீர் டப்பா வழியாகவும், தாய் தகப்பன் ஊட்டும் புறாப்பால் வழியாகவும் பரவும். டப்பாவைத் தினமும் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். உள்சுவரில் விரல் வழுக்கினால் இன்னும் கழுவவில்லை என்று பொருள்.

தீனியைக் கிளறிக் கொட்டுகிறது, தின்றதைக் கக்குகிறது

பறவையைப் பிடிக்கும் முன் சாக்கைத் திறந்து கையை அடிவரை விடுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், மோந்தால் மக்கிய வாடை வந்தால், மக்காச்சோளத்தின் முளைப்பக்கம் பச்சையோ கறுப்போ பொடி இருந்தால், அதை மொத்தமாகத் தூக்கிப் போடுங்கள். மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் வளரும் பூஞ்சணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை விடும். அது ஈரலைக் கெடுக்கும். வெயிலில் காயவைத்தாலும் வறுத்தாலும் அந்த நஞ்சு முழுசாகப் போகாது. நஷ்டம்தான், என்ன செய்வது. மழைக்காலத்துக்கு மட்டும் பத்து நாளுக்கு மேல் தேவையான தீனியை வாங்காதீர்கள். ஒரு புறாவுக்கு நாளுக்கு 30 முதல் 40 கிராம் என்று கணக்குப் போட்டு வாங்கி, மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில், தரையில் படாமல் வையுங்கள்.

குளிர்காலம் என்று கொழுப்புத் தீனியை ஏற்றுபவர்கள் உண்டு. பனி பெய்யும் ஊருக்கு அது பொருந்தும். நம் கரையில், மழையால் பறக்காமல் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு நிலக்கடலை கொடுத்தால் நெஞ்சில் கொழுப்புதான் ஏறும். கம்பு, சோளம், கோதுமையைக் கூட்டி, பட்டாணியையும் பச்சைப்பயறையும் குறையுங்கள். பறக்கவிடத் தொடங்கிய பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

இறகு ஒட்டிப்போய், மினுப்பில்லாமல்

ஆரோக்கியமான புறாவைப் பிடித்தால் உள்ளங்கையில் வெள்ளைப் பொடி ஒட்டும். குளித்த தண்ணீரின் மேலும் அது ஆடை கட்டும். அந்தப் பொடிதான் மழையைத் தள்ளிவிடும் சட்டை. கை சுத்தமாகவே இருந்தால், குளித்த நீர் தெளிவாகவே இருந்தால், பறவை உள்ளுக்குள் சரியில்லை, அல்லது இறகில் உப்பு ஏறியிருக்கிறது. வாரம் இரண்டு முறை, வெயில் வரும் காலையில், நாலு விரல் ஆழம் நல்ல தண்ணீர் வையுங்கள். பத்து மணிக்கு மேல் தாமதிக்க வேண்டாம், மாலைக்குள் காய வேண்டும்.

இறகை விரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். ஊசித் துளைகள் இருந்தால் பேன். தட்டையான பழுப்பு ஈ ஒன்று நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஓடி இறகுக்குள் மறைந்தால் அது புறா ஈ. கூட்டுச் சட்டியின் குப்பையில்தான் அதன் கூட்டுப்புழு இருக்கும். 15 நாளுக்கு ஒருமுறை சட்டியைக் காலிசெய்து குப்பையை எரித்தால் பெருகாது. மழைக்காலத்தில் ஆணையும் பெண்ணையும் பிரித்து வைத்தால் சட்டியே தேவையில்லை. ஈரக்காலக் குஞ்சும் தேறாது, பந்தயத்துக்குப் போகும் பறவைக்கும் ஓய்வு.

நடு இரவில் படபடப்பு

விடிந்ததும் தரையில் உடைந்த இறக்கை இறகும், வலையில் ரத்தமும் இருந்தால் இரவில் ஏதோ வந்திருக்கிறது. நம் பக்கம் பூனைக்கு அடுத்து மரநாய். பனைகளில் குடியிருக்கும், அரை அடிச் சந்தில் நுழையும். சாரைப்பாம்பு எலியைத் தேடி வந்து முட்டையைப் பார்த்துவிடும். வலையின் கண் அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பழைய மீன்வலையைப் போர்த்துபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். செலவில்லைதான், ஆனால் பயந்து மோதும் புறா அதில் கழுத்து மாட்டிச் செத்துப்போகும்.

கம்பிவலையை இரண்டு மூன்று வருடத்தில் உப்பு தின்றுவிடும். கீழ் ஓரத்தை மாதம் ஒருமுறை கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பிளாஸ்டிக் பூசிய வலை கொஞ்சம் விலை கூட, ஆனால் தாங்கும். புதுத் துத்தநாகப் பூச்சு வலையில் வெள்ளைப் பொடி படிந்தால் தேய்த்துக் கழுவிவிடுங்கள். அதைக் கொத்தினால் பறவைக்கு நஞ்சு.

ஒரு காலைத் தூக்கியே நிற்கிறது

சாயங்காலம் ஒற்றைக் காலில் நிற்பது இயல்பு. பகலில் தீனிக்கும் இறங்காமல் நின்றால் பிடித்து விரல்களைப் பாருங்கள். நம் ஊரில் முதல் சந்தேகம் தங்கூசி நரம்பு, அதாவது மீன் பிடிக்கும் நைலான் இழை. கரையில் மேய்ந்த பறவையின் விரலில் சுற்றி, சதைக்குள் இறங்கிவிடும். வெளியே தெரிவது ஒரு மெல்லிய பள்ளம் மட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் காலைப் பத்து நிமிடம் ஊறவைத்து, ஊசி முனையால் நரம்பைத் தூக்கி, சின்னக் கத்தரியால் ஒரே இடத்தில் வெட்டி மெதுவாக உருவுங்கள். இழுத்தால் சதை கிழியும். விரல் கறுத்துப்போயிருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். கால் வளையத்துக்கு அடியில் எச்சம் இறுகிக் காய்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

உங்களுக்கே இருமல்

கூண்டைச் சுத்தம் செய்த அன்று மாலை இருமலும் லேசான காய்ச்சலும் வந்து மறுநாள் போய்விடுகிறதா? புறாவின் இறகுப் பொடியும் எச்சத் தூசியும் நுரையீரலில் ஒவ்வாமையை உண்டாக்கும். விட்டால் நிரந்தரமாகக் கெடும். காய்ந்த எச்சத்தைச் சுரண்டும் முன் முகக்கவசம் போடுங்கள், லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் போகும்போது புறா வளர்ப்பதை மறக்காமல் சொல்லுங்கள், அவராகக் கேட்கமாட்டார்.

மழை விட்டும் மேலே போக மறுக்கிறது

வானம் வெளுத்திருக்கும், கதவைத் திறப்பீர்கள், புறாக்கள் கூரை மேல் ஏறி ஒட்டி உட்கார்ந்துகொண்டு கழுத்தைச் சாய்த்து ஒரு கண்ணால் வானத்தைப் பார்க்கும். விரட்டாதீர்கள். அது பார்ப்பதை நீங்களும் பாருங்கள். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகளின் பின்னால், புறாவை வேட்டையாடும் வல்லூறான பைரியும் வரும். தனுஷ்கோடிப் பக்கம் பூநாரை இறங்கும் மாதங்களில் நம் கூரைக்கு மேலும் அது சுற்றும். முந்தின நாள் தாக்குதலில் தப்பிய கூட்டம் இரண்டு மூன்று நாள் இப்படித்தான் இருக்கும். அந்த நாட்களில் அடைத்தே வையுங்கள். பிறகு தினமும் ஒரே நேரத்தில் விடாமல், நேரத்தை மாற்றி மாற்றி விடுங்கள்.

பைரி இல்லை, மழையால் மூன்று வாரம் அடைந்து கிடந்ததால் தயக்கம் என்றால் வேறு வழி. முதல் நாள் காலைத் தீனியைப் பாதியாகக் குறைத்து, மாலை நாலரை மணிக்கு, வாடை தணிந்த நேரம் பார்த்துத் திறந்துவிடுங்கள். பழைய பறவைகள் நாலைந்தை முதலில். ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்கட்டும், தீனி டப்பாவைக் குலுக்கி உள்ளே அழைத்துவிடுங்கள். மறுநாள் பத்து நிமிடம், அதற்கடுத்த நாள் பதினைந்து. கடலுக்கு மேல் போய்த் திரும்பும் சுற்று தானாக வரும்வரை வெளியூர் கொண்டுபோய் விட வேண்டாம். என் கூட்டம் போன மார்கழியில் அதற்கு ஒன்பது நாள் எடுத்துக்கொண்டது.